மைக்ரேஷனும் மீசை வரியும்

ஆகஸ்ட் 6
பழைய யுனிவர்சிட்டி குடுக்க வேண்டிய மைக்ரேஷன் சர்டிபிகேட் (வேற யுனிவர்சிட்டில படிக்கக் கேக்குறது) இன்னைக்கும் தபால்ல வரல.

ஆகஸ்ட் 9
பி.ஏ. சர்டிபிகேட்ல அப்பா இனிஷியல், ஆதார்ல அவுக இனிஷியல். ஆபீஸ் தம்பி ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "மைக்ரேஷன் வரட்டும்க்கா, அப்புறம் பாப்போம்"ங்குறாரு. பழைய யுனிவர்சிட்டிக்கு போன் போட்டா ஒருத்தர் இன்னொருத்தர் நம்பரக் குடுக்குறாக, அவுக லீவுல இருக்காக.

ஆகஸ்ட் 14
வரலாற்றுப் பாடத்துல வருசம் மட்டும் மண்டையில நிக்க மாட்டேங்குது. 1772 காளையார்கோவில்ல சிவகங்கை ராஜா முத்துவடுகநாதர் செத்தது, 1780 அவரு ராணி வேலுநாச்சியார் சிவகங்கைய மீட்டது. எழுதி அடுப்படி செவுத்துல ஒட்டிட்டேன். அவுக பாத்துட்டு "கடை போன் நம்பரா"ன்னு கேக்குறாக.

ஆகஸ்ட் 22
செமினார் தலைப்பு குடுத்துட்டாக. எனக்கு திருச்சி பிரகடனம். வெள்ளைக்காரன எதிர்த்து எல்லாரும் கெளம்பணும்னு, சிவகங்கை மருது சகோதரர்கள்ல இளையவரு சின்ன மருது 1801 ஜூன் 16ல வெளியிட்டது. சந்தோசமாத்தான் இருந்துச்சு, வீட்டுக்கு வந்து முழுசாப் படிக்கிற வரைக்கும்.

ஆகஸ்ட் 23
தூக்கமே இல்ல. திருச்சி கோட்டைலயும் ஸ்ரீரங்கம் கோயில் செவுத்துலயும் ஒட்டுன காயிதம் அது, இதைக் கிழிக்கிறவன் பஞ்சமாபாதகம் பண்ணவன்னு போட்டிருக்கு, அதெல்லாம் சரி, வெள்ளைக்காரனுக்கு ஊழியம் பாக்குறவனத் திட்டுற எடத்துல மீசையப் பத்தி ஒரு வரி வருதே, அந்த மீசை எதுக்குச் சமம்னு சொல்றாரே மனுசன், அத இருபத்திரண்டு வயசுப் பயலுக முன்னாடி நின்னு நான் எப்படி வாசிக்கிறது? விட்டுட்டா சார் கேப்பாரு. "முதல் நிலைச் சான்றுல கை வைக்கக் கூடாது"ன்னு அன்னைக்குத்தான் ஒரு மணி நேரம் பேசுனாரு. பூசி மொழுகி "தகாத சொல்"னு போட்டா பின் பெஞ்சு பயலுக கட்டாயம் என்ன சொல்லுன்னு கேப்பானுக. அந்தக் கோவம்தான் பிரகடனமே, அத வெட்டிட்டா மிச்சம் கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி ஆயிரும். ஆம்பளைப் புள்ளைக்கு இந்தத் தலைப்பக் குடுத்திருக்கலாம். இல்ல, அப்படிக் குடுத்திருந்தாலும் எனக்குக் கோவம் வந்திருக்கும்.

செப்டம்பர் 2
தபால் இல்ல.

செப்டம்பர் 10
பழைய அச்சுல ஏதாச்சும் கெடைக்குமான்னு தேடுறேன். எங்க கோட்டையூர்ல ரோஜா முத்தையா வீடு நெறைய சேத்து வச்ச புத்தகமெல்லாம் 1994ல சிகாகோ யுனிவர்சிட்டி வாங்கி, இப்ப சென்னை தரமணில லைப்ரரியா இருக்கு. பத்திரமா இருக்குல்ல, அது போதும்னு சொல்லிக்கிறேன். ஆனா நான் சென்னைக்குப் போயி உக்காந்துட்டா அத்தைக்கு மாத்திரை யாரு குடுக்குறது?

செப்டம்பர் 17
அத்தைகிட்ட அந்த வரிய வாசிச்சுக் காட்டிட்டேன். பாக்குப் பொறையேறுற வரைக்கும் சிரிச்சாக. "ஏ ஆத்தா, இன்னொருக்கா படி." அப்புறம் எங்க அப்பத்தா பேசுறதக் கேட்டிருக்கியான்னு ஆரம்பிச்சவுக நிறுத்தவே இல்ல. அது எதையும் இங்க எழுத முடியாது.

செப்டம்பர் 30
பரீட்சை பீஸ் நோட்டீஸ் ஒட்டிட்டாக. மைக்ரேஷன் இல்லாட்டி ஹால் டிக்கெட் இல்லையாம். பக்கத்து பெஞ்சுப் புள்ள "ஒண்ணும் ஆகாதுக்கா"ங்குது. அதுக்கென்ன, அது இந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம் எழுதும்.

அக்டோபர் 1
காலையில எரிஞ்சு விழுந்துட்டேன் எல்லார் மேலயும்.

அக்டோபர் 24
செமினார் இன்னைக்குன்னு இருந்துச்சு. மருது சகோதரர்களத் தூக்குல போட்ட நாளு, திருப்பத்தூர்ல விழா, பஸ்ஸ மாத்தி விட்டதுல பாதிப் பேரு வரல. சார் தள்ளி வச்சுட்டாரு. 27 காளையார்கோவில் குருபூஜை, அது முடியட்டும்னுட்டாரு. நேத்து ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு அந்த வரிய நிறுத்தாம சொல்லிட்டேன், குரல் ஆடல. இப்ப திரும்ப மொதல்ல இருந்து.

அக்டோபர் 26
மைக்ரேஷன் வந்துருச்சு. பேரு சரி, வருசம் சரி, இனிஷியல் மூணாவதா வேற ஒரு எழுத்து. அது அப்பாவும் இல்ல அவுகளும் இல்ல. நோட்டரி எத்தன மணிக்குத் தொறப்பாருன்னு அவுக போன் போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காக