எவர்சில்வருக்கு விபூதி பூசும் லண்டன் தண்ணீர்

ஊரிலிருந்து பெட்டியின் எடையைப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த டவரா செட், லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டு டிஷ்வாஷருக்குள் நாலு தடவை போய் வந்தால் போதும், விபூதி பூசிக்கொண்டு வெளியே வரும். காபி வாங்கிய விருந்தாளி விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டுக் குடிப்பார். வாட்ஸாப்பில் பார்க்கும் அம்மா, "மெஷின்ல போட்டா அப்படித்தான், கையால தேய்ச்ச மாதிரி வருமா?" என்று தீர்ப்பே சொல்லிவிடுவார். அன்றோடு டிஷ்வாஷர் பாத்திரம் கவிழ்த்து வைக்கும் அலமாரியாகிவிடும். எத்தனையோ நம்மவர் வீடுகளில் இன்றைக்கும் அதற்கு அதுதான் உத்தியோகம்.

பாவம், மெஷின்மேல் குற்றமில்லை. தென்கிழக்கு இங்கிலாந்தின் நிலத்தடியில் கிடப்பது சுண்ணப்பாறை. அதன் வழியாக இறங்கி வரும் தண்ணீர் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சூடேறியதும் கரைந்திருந்தது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து, கிடைத்த பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. அங்கும் காலடியில் சுண்ணக்கல்தான், கேத்தலின் அடியில் வெள்ளைச் செதிலைப் பார்த்தே வளர்ந்தவர்கள். போர்வெல் தண்ணீர் வாளிகளைப் பார்த்த சென்னைக்காரர்களும் சமாளித்துக்கொள்வார்கள். திகைத்துப்போவது மென்மையான சிறுவாணித் தண்ணீர் குடித்த கோயம்புத்தூர்க்காரர்கள்தான். சபீனா போட்டுத் தேங்காய்நாரால் தேய்த்து, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றித் திண்ணை வெயிலில் கவிழ்த்தால் பொட்டுக் கறையில்லாமல் காய்ந்த டம்ளர் அவர்களுடையது.

முதலில், வெள்ளை என்ன வெள்ளை என்று பார்க்க வேண்டும். காய்ந்த டம்ளரில் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று ஆனால் சுண்ணாம்பு. வெந்நீரில் கழுவினாலே போய்விட்டால் சரியாக அலசப்படாத பவுடர், அல்லது மெஷினின் உப்புத் தொட்டியிலிருந்து கசிந்த உப்பு. வழவழவென்று கையில் ஒட்டினால் கஞ்சி. எதற்கும் அசையாமல், வெளிச்சத்தில் வானவில் நிறம் காட்டும் கண்ணாடி டம்ளரென்றால், அந்தக் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது.

லண்டனில் பெரும்பாலும் சுண்ணாம்புதான். அதை அடக்கும் கருவி மெஷினுக்குள்ளேயே இருக்கிறது, பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கீழ்த்தட்டை இழுத்து வெளியே எடுத்தால் தரையில் ஒரு திருகு மூடி தெரியும். அது உப்புத் தொட்டி. அதையொட்டி மெஷினுக்குள் இருக்கும் ரெசின் (ஒருவகைப் பிளாஸ்டிக்) மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புநீர் ஓடி அவற்றைக் கழுவித் திரும்பத் தயாராக்குகிறது. உப்பு தீர்ந்தால் இந்த வேலை நின்றுவிடும். கனடா, அமெரிக்காவில் விற்கும் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தொட்டியே கிடையாது. ஆகவே டொராண்டோ சித்தி சொல்லும் யோசனை இங்கே அப்படியே பொருந்தாது.

புது மெஷினில் முதல் தடவை மட்டும் தொட்டியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, பிறகு புனல் வைத்து உப்புக் கொட்ட வேண்டும். ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை பிடிக்கும். அடுத்த முறைகளில் உப்பு மட்டும் போதும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் பருக்கை உப்புதான் வேண்டும். மேசை உப்பு மிக நைஸ், கட்டி பிடிக்காமலிருக்கக் கலந்த பொருளோடு சேர்ந்து உள்ளே அடைத்துக்கொள்ளும். "கல்லுப்புதானே, தமிழ்க் கடையில் மலிவு" என்ற எண்ணம் எல்லோருக்கும் ஒருமுறை வரும். வேண்டாம். கடல் உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் மண்ணும் கிடக்கும். எதை எடுக்க வேண்டுமோ அதையே உள்ளே போடுவதாகும். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு பருக்கை சிக்கினாலும் உப்பு கசிந்து பாத்திரமெல்லாம் வெளுக்கும். வளையத்தைத் துடைத்து, இறுக்கி மூடி, உடனே ஒரு முறை ஓட்டிவிட வேண்டும். சிந்திய உப்பு அப்படியே கிடந்தால் எவர்சில்வர் தரையே துருப்பிடிக்கும்.

உப்புப் போட்டும் வெள்ளை போகவில்லை என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப மெஷினில் வைக்கும் அளவு தவறியிருக்கும். தண்ணீர் கம்பெனியின் தளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் கடினத்தன்மை வரும். லண்டனின் பல இடங்களில் லிட்டருக்கு 250 முதல் 300 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். மெஷின் கையேடோ ஜெர்மன் டிகிரி என்ற வேறொரு அளவில் பேசும். 17.8-ஆல் வகுக்க வேண்டும். 285 மில்லிகிராம் என்றால் 16 ஜெர்மன் டிகிரி, இங்கிலாந்தின் கிளார்க் டிகிரிக் கணக்கில் 20. அதே அறிக்கையில் கால்சியம் மட்டும் 114 என்று தனியாக இருக்கும். அந்த வரியை எடுத்து வகுத்தால் 6 வரும். அதை வைத்து அமைத்த மெஷின் பாதித் தண்ணீரைக்கூட மென்மையாக்காது. வாடகை வீட்டில் முந்தைய குடித்தனக்காரர் என்ன வைத்திருந்தாரோ, குடிபோன வாரமே பார்த்துவிடுவது நல்லது.

"பத்து வருஷத்துக்கு முன்னால் டிஷ்வாஷர் மாத்திரை போட்டால் பளிச்சென்று வந்தது" என்று அத்தை சொன்னால் அது வெறும் பழங்கதையல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜனவரி முதல் வீட்டு டிஷ்வாஷர் பவுடரில் பாஸ்பரஸை ஒரு தடவைக்கு 0.3 கிராமுக்குள் கட்டுப்படுத்தியது. அன்றைக்கு இங்கிலாந்தும் உள்ளே இருந்தது. கால்சியத்தைக் கட்டிப்போட்ட பாஸ்பேட் போன இடத்தில் வந்த சிட்ரேட் வகைகள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் அல்ல. 'எல்லாம் அடங்கியது' என்று எழுதிய மாத்திரை இருந்தாலும், இந்தத் தண்ணீருக்கு உப்பும் ரின்ஸ் எய்டும் தனியே போடுவதே நல்லது. ரின்ஸ் எய்டு தண்ணீரை முத்து முத்தாக நிற்கவிடாமல் வழியவிடும். ரின்ஸ் எய்டு ஊற்றும் அறையில் வினிகர் ஊற்றும் யோசனை யூடியூபில் உலவுகிறது. நாளடைவில் ரப்பர் கெட்டுப்போகும்.

சுண்ணாம்பைத் தாண்டி நம் சமையல் சேர்க்கும் வெள்ளையும் உண்டு. சோற்றுக் கஞ்சியும் தோசை மாவும் காய்ந்த பாத்திரத்தை அரைமணி நேரக் குட்டிக் கழுவலில் போட்டால், மாவுச்சத்தைக் கரைக்கும் என்சைமுக்கு நேரம் போதாது. 50 டிகிரி முழுக் கழுவல் வேண்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். லண்டன் அடுக்களை பல மாதம் அதற்குக் கீழேதான். ஆக ஃபில்டரில் வெண்ணெயாகப் படிந்து, அதன்மேல் சுண்ணாம்பும் சேரும். வாரம் ஒருமுறை ஃபில்டரை இடப்பக்கம் திருகி எடுத்து, பழைய டூத்பிரஷும் வெந்நீரும் கொண்டு தேய்த்து, மறுபடி சிக்கென்று பூட்ட வேண்டும். பூட்டாமல் விட்டால் தாளித்த கடுகு மேலேறி, தண்ணீர் தெளித்துச் சுழலும் கையின் துளைகளில் ஒவ்வொன்றாய் உட்கார்ந்துகொள்ளும். பல்குத்தும் குச்சியால் நெம்பினால் வெளியே வருவது முழுக்கடுகு. கூடவே ஒரு கணம் ரச வாசனையும் வரும். அடுக்களை ஜன்னலுக்கு வெளியே தூறலும் பக்கத்து வீட்டு வேலியும்தான்.

கவிழ்த்த டம்ளரின் அடிக்குழியில் தேங்கும் தண்ணீர் காய்ந்து வட்டம் போடும். கொஞ்சம் சாய்த்து அடுக்கினால் வராது.

ஏற்கெனவே படிந்ததை எடுக்க, காலி மெஷினின் தரையில் 100 கிராம் சிட்ரிக் ஆசிடைத் தூவி, முன்கழுவல் இல்லாத 50 முதல் 60 டிகிரி ஓட்டம் ஒன்று. அதற்குமேல் சூடாக்கினால் கால்சியம் சிட்ரேட் என்று இன்னொரு வெள்ளை படியக்கூடும். மாத்திரையோ பிளீச்சோ கூடவே போடக் கூடாது, உப்புத் தொட்டிக்குள் ஆசிட் போகவே கூடாது. டம்ளர்களை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கலந்து கால்மணி ஊறவைத்துக் கழுவினால் போதும். அலுமினிய இட்லித் தட்டு, ஈயச் சொம்பு, பழகிய தோசைக்கல் மூன்றையும் மெஷின் பக்கமே காட்டாதீர்கள். பவுடரின் காரம் இட்லித் தட்டைக் கறுக்கடிக்கும்.

வேலை மாறி கிளாஸ்கோ போகிறவர்கள் மெஷினின் கடினத்தன்மை அளவைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். அந்த ஊருக்கு வரும் லோக் கேட்ரின் ஏரித் தண்ணீர் மிக மென்மையானது, அங்கே பவுடர் கூடினால் கண்ணாடிதான் அரிக்கும். டீயின்மேல் மிதக்கும் லண்டன் ஆடையும் அங்கே கிடையாது. "சிறுவாணி மாதிரியே இருக்கு" என்று கோயம்புத்தூர்க்காரர்கள் போன் போட்டுச் சொல்வார்கள். குளிரைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள்.