பொன்னி அரிசி உயரத்தில் ஒரு ஆஸ்டர்லிட்ஸ்

வாட்டர்லூ போர் நடந்தது ஜூன் 18. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவளுக்கு ஜூன் மாதத்தில் நெப்போலியனை நினைக்க ஏது நேரம்? பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் எடைமேடைக்கு வெளியே சாலைவரை நிற்கும். அதனால் என் போர்க்காலம் டிசம்பர்தான். 1805 டிசம்பர் 2, ரஷ்ய–ஆஸ்திரியப் படைகளை நெப்போலியன் வென்ற ஆஸ்டர்லிட்ஸ். பருவம் முடிந்து கணக்கும் ஓய்ந்த பிறகு, எங்கள் மாடி அறையில் இரண்டரை மீட்டர் மேசையில் பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து, பகடை உருட்டி ஆடும் விளையாட்டாக அந்தப் போரை வைப்பேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "இவ்வளவு பொடியாக இருக்கிறதே, முகமே தெரியவில்லையே!" சிப்பாயின் உயரம் 6 மி.மீ. பொன்னி அரிசி ஒன்றை நிமிர்த்தி வைத்தால் அவ்வளவுதான். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் பலர் 28 மி.மீ. உருவங்களைத்தான் விரும்புகிறார்கள். மீசை, பொத்தான் எல்லாம் தீட்டலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் அவற்றை வைத்து ஒரு பண்ணை வீட்டைச் சுற்றிய கைகலப்பைக் காட்டலாமே தவிர, ஒரு பெரும்போரைக் காட்ட முடியாது என்பது என் கட்சி.

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். வடக்கே சாண்டன் குன்றிலிருந்து தெற்கே டெல்னிட்ஸ் கிராமம்வரை ஏறத்தாழ 10 கி.மீ. அதை இரண்டரை மீட்டரில் அடக்கினால் மேசையில் 1 செ.மீ. என்பது களத்தில் 40 மீட்டர். மூன்று வரிசையாக நிற்கும் ஒரு பிரெஞ்சு பட்டாலியனின் (காலாட்படைப் பிரிவின்) அகலம் 120 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேசையில் கிடைப்பது 3 செ.மீ. அந்த இடத்தில் 28 மி.மீ. சிப்பாய் ஒருவன் நிற்பான், பாவம், தனியாக. என் ஆட்கள் வரிசைக்கு ஆறு பேராக மூன்று வரிசை நிற்கிறார்கள். பார்த்தவுடன் பட்டாலியன் என்று தெரிகிறது. கிராமங்களில்தான் கொஞ்சம் ஏமாற்று வேலை உண்டு: இரண்டு வீடும் ஒரு தேவாலயமும் வைத்தால் அது சோகோல்னிட்ஸ்.

இடம் மிச்சமாவதுதான் முக்கியம், ஏனென்றால் ஆஸ்டர்லிட்ஸின் உயிர்நாடியே ஒரு காலி இடம். நெப்போலியன் தன் வலப்பக்கத்தை வேண்டுமென்றே பலவீனமாகக் காட்டினார். அதை உடைக்கலாம் என்று நம்பி, ரஷ்ய–ஆஸ்திரியப் படைகள் களத்தின் நடுவே இருந்த பிராட்சன் மேட்டைவிட்டுத் தெற்கே இறங்கின. வியன்னாவிலிருந்து இரண்டு நாளில் 110 கி.மீ. நடந்து வந்திருந்த பிரெஞ்சுத் தளபதி தாவூவின் வீரர்கள் அங்கே தாக்குப்பிடித்தார்கள். காலை ஒன்பது மணிவாக்கில், பனிமூட்டத்துக்குள் காத்திருந்த இன்னொரு பிரெஞ்சுத் தளபதி சூல்ட்டின் இரண்டு டிவிஷன்கள் காலியாகிக்கொண்டிருந்த மேட்டில் ஏறின. எதிரிப்படை இரண்டாகப் பிளந்தது. மேசை முழுக்க உருவங்கள் நெருக்கியடித்தால் எந்த இடம் காலி, எது நிறைவு என்று எப்படித் தெரியும்?

வர்ணம் பூசுவது தனிக் கலை. நான்கு நான்கு பேராக ஒட்டிவரும் பட்டைகளை ஐஸ் குச்சியில் ஒட்டி, முழுக்கக் கறுப்படித்துக் காயவிடுகிறேன். கறுப்பை முழுவதும் மூடக் கூடாது. மடிப்புகளில் அது எட்டிப்பார்த்தால்தான் கைக்கும் உடம்புக்கும் வித்தியாசம் தெரியும். மேலே தீட்டும் நீலம் உண்மையான கோட்டின் நீலத்தைவிட இரண்டு பங்கு பளிச்சென்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கை தூரத்தில் எல்லாம் கரிக்கட்டைதான். கடைசியாக மார்புக்குக் குறுக்கே வெள்ளைப் பட்டி. மிக மெல்லிய 00 பிரஷ், மூச்சை அடக்கி இரண்டு இழுப்பு. பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கு நான் டப்பா போன்ற ஷாக்கோ தொப்பி வைப்பதில்லை. சாதாரண காலாட்படைக்கு அது 1806-இல்தான் வந்தது. ஆஸ்டர்லிட்ஸில் பெரும்பாலும் குறுக்குவாட்டில் அணியும் இருமுனைத் தொப்பிதான். 6 மி.மீ.இல் யாருக்குத் தெரியப்போகிறது என்கிறீர்களா? எனக்குத் தெரியும்.

"நம் ஊர்ப் போரை வைக்கக் கூடாதா?" என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம். வாட்டர்லூவில் வென்ற வெலிங்டனே 1799 மார்ச்சில் கர்னல் வெல்லெஸ்லியாக, ஆங்கிலேயத் தளபதி ஹாரிஸின் படையோடு ராயக்கோட்டை வழியாகத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனார். ஆனால் அந்தப் படையோடு ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாடுகள் போயின. அத்தனை மாட்டுக்கும் கொம்பு தீட்ட என்னால் ஆகாது.

என் எதிராளி அக்கா மகன், ஓசூரில் பொறியியல் படிக்கிறான். அவனோடு ஒரே தகராறு: "சித்தி, இறங்கினால் தோற்பேன் என்று தெரிந்தும் நான் ஏன் மேட்டைவிட்டு இறங்க வேண்டும்?" நியாயமான கேள்வி. போருக்கு முந்தைய இரவு ஆஸ்திரியத் தளபதி வெய்ரோத்தர் திட்டத்தை வாசித்தபோது ரஷ்யத் தளபதி குதுசோவே தூங்கி வழிந்தாராம். அந்தத் திட்டத்தை என் எதிராளி மட்டும் ஏன் மதிக்க வேண்டும்? திட்டப்படி நடந்தே தீர வேண்டும் என்று விதி போட்டுப் பார்த்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பகடையை உருட்டினான்.

போன டிசம்பரில் வேறு வழி பிடித்தேன். வரைபடத்தை இடம் வலமாகத் திருப்பினேன். பிராட்சனுக்கு மேட்டுக்கொல்லை என்று பெயர், கோல்ட்பாக் ஓடைக்குச் சின்னாறு. உடுப்புகளையும் மாற்றி, நீலக் கோட்டுப் படையை அவனிடம் கொடுத்து மேட்டில் நிறுத்தினேன். பச்சைக் கோட்டு ரஷ்யர்களை நான் எடுத்துக்கொண்டு பள்ளத்தில் பனிமூட்டமாகப் பஞ்சைப் பரப்பினேன். பஞ்சுக்குள் இருப்பது வெறும் அட்டையா, படையா என்று அவனுக்குத் தெரியாது. எதிரே என் அணி மெலிதாக இருந்த பக்கத்தைக் கண்டதும் அவனுக்குக் கை அரித்தது. ஒவ்வொரு பிரிவாகக் கீழே நகர்த்தினான். கிராமத்தைப் பிடிக்க மேலும் இரண்டு பட்டாலியன் தேவைப்பட, அவற்றையும் மேட்டிலிருந்தே எடுத்தான். நான் பஞ்சை விலக்கி என் அணிகளை மேலே ஏற்றினேன். பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தான். "சித்தி, இது ஆஸ்டர்லிட்ஸ்" என்றான்.

தோற்றபின் கேட்டது ஒன்றே ஒன்று: தெற்கே ஓடிய படை உறைந்த ஏரியில் மூழ்க வேண்டாமா? நான் அந்த விதியை வைக்கவில்லை. 20,000 பேர் மூழ்கினார்கள் என்பது நெப்போலியனின் அறிக்கை. பிறகு ஏரி நீரை வடித்தபோது கிடைத்த மனித உடல்கள் மிகச் சிலவே. அறிக்கை எழுதியவர் வென்றவர் ஆயிற்றே. அவனோ, மூழ்கடித்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறான்.