பாய்மரப் படகு எஞ்சின்: சாவி திருப்புனா ‘டக்’ சத்தம் மட்டும் வந்த கதை

கம்ப்ளைன்ட் இதுதான். சாவியத் திருப்புனா சில நேரம் எஞ்சின் உடனே பத்திக்கும், சில நேரம் செல்ஃப் மோட்டார் பக்கத்துல ‘டக்’னு ஒரு சத்தம், அதோட சரி. விட்டு விட்டு திருப்பிக்கிட்டே இருந்தா திடீர்னு ஒரு தடவ சுத்தி ஸ்டார்ட் ஆயிடும். மொத்தமா நின்னு போனா கூட எங்க போச்சுன்னு தேடலாம், இந்த மாதிரி வந்து வந்து போறதுதான் உயிர எடுக்கும், மெக்கானிக்க கூட்டிட்டு வந்து நிறுத்துனா அன்னிக்கு முழுக்க ஒழுங்கா ஸ்டார்ட் ஆகும்.

போட் 22 அடி ஃபைபர், பாய்மரம், அடியில தண்ணிக்குள்ள நிக்கற சென்டர்போர்டுங்கற பலகைய மேல தூக்கிக்கலாம். பழவேற்காடு ஏரியில நிறைய இடத்துல இடுப்பளவு தண்ணி கூட இருக்காது, அதனால இந்த மாதிரி போட்தான் இங்க சரிப்படும். உள்ள ஒத்த சிலிண்டர் மரைன் டீசல். பாய் இருக்கும்போது எஞ்சின் எதுக்குன்னு கேக்கறவங்க தண்ணி வத்துற நேரத்துல முகத்துவாரத்துக்கு வந்து பாக்கணும். ஆத்துத் தண்ணியும் ஏரித் தண்ணியும் சேர்ந்து கடலுக்கு இழுக்கும், மணல் திட்டு இன்னிக்கு இருக்கற எடத்துல அடுத்த சீசன் இருக்காது, அந்த எடத்துல காத்து விழுந்துச்சுன்னா பாய் வெறும் துணிதான். நீரோட்டம் வடக்க தள்ளுனா ஸ்ரீஹரிகோட்டா கரை, அங்க ஒதுங்கவும் விட மாட்டாங்க. அதனால சாவி திருப்புனா எஞ்சின் சுத்தணும், இதுல பாதி சரி முக்கால் சரிங்கற பேச்சே இல்ல. இங்க மீனவங்க ஃபைபர் போட்ல எஞ்சின கையாலயே சுத்தி விடறாங்க, பேட்டரி தொல்லையே கிடையாது. என் எஞ்சின்லயும் கையால சுத்த லேசாகறதுக்கு சிலிண்டர் அழுத்தத்த விடற டிகம்ப்ரஷன் லிவரும் ஹேண்டில் போடற எடமும் இருக்கு, ஆனா கேபினுக்குள்ள முழுசா ஒரு சுத்து சுத்த கை போகாது.

பாத்தவங்க எல்லாரும் சொன்னது பேட்டரிய மாத்து, இல்லன்னா செல்ஃப் மோட்டார மாத்து. நான் எதையும் மாத்தறதுக்கு முன்னாடி அளந்து பாத்துடலாம்னு முடிவு பண்ணேன். சும்மா நிக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட், செல்ஃப் சுத்தும்போது 10.8, ரெண்டும் நல்ல நம்பர். சுத்தும்போது பத்துக்கு ரொம்ப கீழ போனாதான் பேட்டரி மேல சந்தேகப்படணும்.

அடுத்தது வோல்டேஜ் டிராப், அதாவது கரண்ட் போற வழியில எவ்வளவு வோல்ட் தொலையுதுன்னு பாக்கறது. இது நிறைய பேர் செய்யறதே இல்ல, ஆனா இதுலதான் விஷயமே இருக்கு. மல்டிமீட்டர் ஒரு முனைய பேட்டரி பிளஸ் கம்பத்து மேல வைக்கணும், கிளாம்ப் மேல இல்ல, கம்பத்து ஈயத்து மேலயே. இன்னொரு முனைய செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட்ல வச்சுட்டு ஒருத்தர சாவி திருப்பச் சொல்லணும். மீட்டர்ல வர்ற நம்பர்தான் வழியில தொலைஞ்ச வோல்ட், அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா கவலை இல்ல. எனக்கு பிளஸ் பக்கம் 0.3, பேட்டரி மைனஸ்ல இருந்து எஞ்சின் பிளாக் வரைக்கும் 0.2. ஓம்ஸ்ல வச்சு அளந்தா இதெல்லாம் தெரியாது, முக்கால்வாசி அறுந்த கேபிள் கூட மீட்டரோட துளி கரண்ட்டுக்கு நல்லாதான் காட்டும், லோடு ஏறும்போதுதான் அதோட லட்சணம் வெளிய வரும்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். டெஸ்ட்டுக்காக ஸ்டாப் கேபிள இழுத்துப் பிடிச்சுக்கிட்டு எஞ்சின் பத்தாம சுத்த விடறவங்க, கடல் தண்ணி உள்ள வர்ற வால்வ முதல்ல மூடிடுங்க. எஞ்சின் ஓடாதப்போ பம்ப் தண்ணிய மட்டும் தள்ளிக்கிட்டே இருக்கும், வெளிய தள்ள புகை அழுத்தம் இருக்காது, சைலன்சர் நிரம்பி தண்ணி திரும்ப சிலிண்டருக்குள்ளயே போயிடும். அப்புறம் எஞ்சினயே பிரிக்கணும். வால்வ மூடிட்டு சாவிக் கொத்த அதோட கைப்பிடியிலயே மாட்டி வச்சுட்டா திறக்க மறக்காது. பம்ப்புக்குள்ள சுத்தற ரப்பர் சக்கரம் (இம்பெல்லர்) தண்ணியில்லாம காஞ்சு ஓடும்கறதால கொஞ்ச செகண்டுக்கு மேல சுத்த விடாதீங்க.

ஆக பெரிய கேபிள்ல குத்தம் இல்ல. மிச்சம் இருக்கறது சோலினாய்ட இழுக்கற சின்ன ஒயர். சோலினாய்டுன்னா செல்ஃப் மோட்டார் மேல இருக்கற காந்த சுவிட்ச், சாவி திருப்புனா அதோட காயில் உள்ள இருக்கற பிளஞ்சர்ங்கற இரும்புத் தண்ட இழுத்து மோட்டாருக்கு பெரிய கரண்ட்ட விடும். ஆனா கம்ப்ளைன்ட் இருக்கும்போது அளந்தாதான பிரயோஜனம், அது எப்ப வரும்னு கவனிச்சப்போ ஒண்ணு புரிஞ்சுது, காலையில எஞ்சின் ஆறியிருக்கும்போது வரவே வராது, நல்லா ஓட்டிட்டு நிறுத்தி கொஞ்ச நேரம் கழிச்சு திருப்புனாதான் டக். அதனால மதியம் கடல்காத்து கிளம்பறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் லோடுல ஓட்டி, நிறுத்தி, மீட்டரோட உக்காந்தேன். டக்னு சொன்னுது. சோலினாய்டோட சின்ன டெர்மினல்ல வெறும் 7.9 வோல்ட், அதே நேரம் பேட்டரியில 12.5. நடுவுல 4.6 வோல்ட்ட காணோம்.

செல்ஃப் மோட்டார் பக்கத்துல இருந்து கிளம்பற ஒயர் காக்பிட்ல இருக்கற பேனலுக்குப் போய், சாவி சுவிட்ச் வழியா சுத்தி, திரும்ப எஞ்சினுக்கே வருது. ஒவ்வொரு துண்டா அளந்துக்கிட்டே போனேன். போற ஒயர்ல 0.9, கண்ணாடி ஃபியூஸ் ஹோல்டர்ல 1.1, சாவி சுவிட்ச்ல 0.7, எஞ்சின் பக்கம் ஒயருங்கள சேர்க்கற கப்ளர்ல 1.3, திரும்பி வர்ற ஒயர்ல 0.6. கூட்டிப் பாருங்க, சரியா 4.6 வரும். அதாவது இதுதான் கெட்டுப்போச்சுன்னு கை காட்ட ஒரு பார்ட்டும் இல்ல, ஆளுக்குக் கொஞ்சம் தின்னுட்டு மிச்சத்தத்தான் சோலினாய்டுக்கு விட்டிருக்காங்க. ஃபியூஸ மட்டும் மாத்தியிருந்தா நாலு நாள் சரியான மாதிரி இருந்துட்டு திரும்ப வந்திருக்கும், செல்ஃப் மோட்டார மாத்தியிருந்தாலும் அதேதான்.

சோலினாய்டு பிளஞ்சர இழுக்கற நொடியில இருபது முப்பது ஆம்பியர் கேக்கும். வழியில வெறும் 0.1 ஓம் இருந்தாலே 30 ஆம்பியருக்கு 3 வோல்ட் போச்சு. சூடானா ஏன் வருதுன்னா, செம்பு சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் ஏறும், 50 டிகிரி கூடுனா கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு ஏறிடும். காயில் சூடாயிட்டா அதே வோல்ட்டுக்கு இழுப்பு குறையும், பிளஞ்சர் பாதி தூரம் வந்து நின்னுடும், அதுதான் அந்த டக்.

கப்ளர கழட்டிப் பாத்தேன். பின்னுல பச்சைப் பச்சையா பூத்திருந்துச்சு, அத சுரண்டலாம். ஆனா ஒயர் தோல உரிச்சா உள்ள செம்பே கறுத்துக் கிடக்கு, ஒரு ஜான் தள்ளி உரிச்சாலும் கறுப்புதான், உப்புக்காத்து தோலுக்கு அடியிலயே ஊர்ந்து போயிருக்கு. அந்த ஒயர் முனையில புது லக் (டெர்மினல்ல மாட்டற உலோக முனை) அடிச்சு பிரயோஜனமே இல்ல.

இதுக்கு வழி சொன்னவரு தடாவுல ஹைவே ஓரம் லாரிக்கு ஒயரிங் பாக்கற ஒரு பெரியவர். நம்பர காட்டுன உடனே “ரிலே பெட்டண்டி”ன்னாரு, அதாவது ரிலே போடுங்கன்னு. ரிலேன்னா சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட்ட திறந்து விடற சுவிட்ச். லாரி ஹெட்லைட்டுக்கும் இதே கதைதானாம், கரண்ட் முழுக்க டேஷ்போர்டு சுவிட்ச சுத்தி வந்தா வெளிச்சம் மங்கிடும், சுவிட்ச் ரிலேயத் தட்டுனா போதும், கனமான கரண்ட் கிட்டக்க இருந்து நேரா போகட்டும்னாரு. அவரு பேசுனது பாதி தெலுங்கு பாதி தமிழ், விஷயம் மட்டும் சுத்தமா புரிஞ்சுது.

சாதாரண 12 வோல்ட் 40 ஆம்பியர் ரிலேதான் போட்டேன். செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட்ல இருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியா ரிலேயோட 30-ம் நம்பர் காலுக்கு, 87-ல இருந்து சோலினாய்டு சின்ன டெர்மினலுக்கு, ரெண்டுக்கும் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், மொத்தமே ஒரு முழ நீளம்தான். சாவியில இருந்து வர்ற பழைய ஒயர் 86-க்கு, 85 எர்த்து. இப்ப பழைய வழியில போறது கால் ஆம்பியர் கூட இல்ல, அதனால வழியில தொலையறதுக்கும் ஒண்ணும் இல்ல. ஒயர் வெள்ளீயம் பூசுன செம்பா வேணும்னு காசிமேடு வரைக்கும் போய் வாங்குனேன், அலைஞ்சதுக்கு தகும். லக்க நல்ல கிரிம்ப் டூல்ல அடிச்சு, உள்ள பசை இருக்கற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன், சூடு காட்டும்போது ஓரத்துல பசை பிதுங்கி வந்தா சீல் ஆச்சுன்னு அர்த்தம். ரிலேய கால் கீழ பாக்கற மாதிரி மாட்டணும், இல்லன்னா உள்ள தண்ணி நிக்கும்.

அப்புறம் அதே மதியச் சூட்டுல ஓட்டி நிறுத்தி திருப்புனேன். செல்ஃப் சுத்திக்கிட்டு இருக்கும்போதே சின்ன டெர்மினல்ல 10.5 வோல்ட். அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் சூடா இருக்கும்போது, ஆறுனப்புறம், ஓட்டிட்டு வந்து உடனேன்னு மாத்தி மாத்தி திருப்பிப் பாத்துட்டேன், ஒரு டக் கூட இல்ல. அதுக்கப்புறம் முகத்துவாரம் தாண்டி போயிட்டும் வந்தாச்சு.

கறுத்த ஒயரும் கப்ளரும் இன்னும் அப்படியேதான் இருக்கு, மழை சீசனுக்கு முன்னாடி அத முழுசா எடுத்துட்டு புது ஒயர் இழுக்கணும், ஏன்னா டைனமோ சார்ஜிங் லைட்டும் ஆயில் பிரஷர் அலாரமும் அதே கப்ளர் வழியாத்தான் போகுது.