நவம்பரில் வெல்வெட்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஒரு விலங்குநோய் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். வேட்டைக் காலம் வந்துவிட்டால் எங்கள் மேசை முழுக்க மான் தலைகள்தான். தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணுக்களை வெட்டியெடுத்து, மான்களைக் கொல்லும் மெலிவு நோய் இருக்கிறதா என்று பார்ப்போம். கொம்பைப் பார்க்க நேரம் இருக்காது.

ஒரு நவம்பர் காலையில் வயதான வேட்டைக்காரர் ஒருவர் தலையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "தொட்டுப் பாருங்கள்" என்றார். கொம்பு முழுக்க வெல்வெட், அதாவது வளரும் கொம்பைப் போர்த்தியிருக்கும் ரோமத்தோல். அடிப்பக்கம் கள்ளிச்செடி போல முண்டு முண்டாக இருந்தது. தோல் முதலில் எனக்கு விசேஷமாகப் படவில்லை. கிண்டியில் புள்ளிமான்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே ஆண் புள்ளிமான்கள் எல்லாம் ஒரே பருவத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. எந்த மாதம் போனாலும் வெல்வெட்டோடு ஒன்று நிற்கும். குளிர்நாட்டு மான்கள் அப்படியல்ல. கோடை முடியும்போது விரையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறும், கொம்பு இறுகும், தோல் உரிந்துவிடும். ஏறாவிட்டால் தோல் தங்கிவிடும், கொம்பும் விழாது, கண்டபடி புடைத்துக்கொண்டே போகும்.

"விரைப்பை எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"வெறும் தோல்தான். உள்ளே ஒன்றுமில்லை."

அலாஸ்காவின் கோடியாக் தீவு உடனே நினைவுக்கு வந்தது. ராவ் வீரமாச்சனேனி குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. அலியூலிக் தீபகற்பத்தில் பார்த்த 94 ஆண் மான்களில் 61-க்கு இரண்டு விரைகளும் இறங்கவே இல்லை. அவற்றில் 70 சதவீதத்துக்குக் கொம்பும் கோணல். வயிற்றுக்குள் தங்கிய விரைகளை வெட்டிப் பார்த்தால் விந்தணு உற்பத்தியே இல்லை, சிலவற்றில் கட்டிகள். சினை மான்களின் உடலில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் ஏதோ ஒரு பொருள் சேர்ந்து, வயிற்றிலிருக்கும் குட்டியைக் கெடுத்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். முன்னோர் மான் ஒன்றின் மரபணு மாற்றமாகவும் இருக்கலாம் என்பதை அவர்கள் தள்ளவில்லை. எனக்கு அந்த இரண்டாவதும் கனமாகவே படுகிறது. அந்தத் தீவில் மான் இயற்கையாக இருந்ததில்லை, கொண்டுபோய் விட்ட சில மான்களிலிருந்து பெருகிய கூட்டம் அது.

எங்களுக்கு வருவது தலை மட்டும். உடலைத் திறந்து பார்ப்பவர் வேட்டைக்காரர். அவர் போன பிறகு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விரையைப் பற்றி எழுத ஒரு கட்டம்கூட இல்லை. சரி என்று ஓரத்தில் பேனாவால் எழுதினேன்: "வெல்வெட் உரியவில்லை. விரைப்பை காலி. சுட்டவர் சொன்னது." அப்புறம் வெல்வெட்டோடு வந்த ஒவ்வொரு தலைக்கும், கொண்டுவந்தவரை நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுத்தேன்.