வாரும், வாங்கோ, வா

எங்கள் காலத்துத் தமிழ் மன்ற விவாதங்களில் சொல் குற்றமா பொருள் குற்றமா என்ற கேள்வி வந்தால், யாராவது ஒருவர் நன்னூலைத் தூக்குவது வழக்கம். சபையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல், அமங்கலத்தை மங்கலமாக்கிச் சொல்லும் மங்கலம், ஒரு குழுவுக்குள் மட்டும் வழங்கும் குழூஉக்குறி என்று தகுதி வழக்கு மூன்று. ‘கால் கழுவி வந்தான்’, ‘இறைவனடி சேர்ந்தார்’, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது. இன்று பிள்ளைகள் ‘பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ்’ என்பதைத் தமிழ் அன்றே கண்டுவிட்டது என்று பெருமையாக முடிப்பார்கள். அந்த வாதம் நிற்காது. இடக்கரடக்கல் காப்பது சபையின் கூச்சத்தை. இழிசொல் காயப்படுத்துவதோ ஓர் ஆளை. இரண்டும் வேறு.

சொல்லில் மரியாதை எங்கிருந்து வருகிறது என்பதற்கு நன்னூலைவிடத் தொல்காப்பியமே நல்ல சாட்சி. ‘ஆசிரியர் வந்தார்’ என்று ஒருவரைப் பன்மையில் சொல்வதை அது ‘வழக்கின் ஆகிய உயர்சொல் கிளவி’ என்கிறது. ‘இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல’ என்றும் சேர்த்துச் சொல்கிறது. மரியாதை இலக்கண விதியில் பிறந்ததல்ல, வழக்கில் வந்தது. வழக்கை மனிதர்தான் ஆக்கினார்கள், மாற்றவும் அவர்களால் முடியும்.

யாழ்ப்பாணத்தில் ஏவலுக்கு மூன்று படி உண்டு: வா, வாரும், வாங்கோ. பாட்டன் வயதுள்ள சலவைத் தொழிலாளியையும் கள் இறக்கும் சீவல் தொழிலாளியையும் ஆதிக்கசாதிச் சிறுவர்கள் பெயர் சொல்லி ‘வா’ என்று கூப்பிட்ட ஊர் அது. அந்த ‘வா’வில் எந்த இலக்கண ஆசிரியரும் பிழை பிடிக்க முடியாது. ஒருமைக்கு ஒருமை, முன்னிலை ஏவல், எல்லாம் சரி. ஆனாலும் அது அவமதிப்பு. ‘இலக்கணம் சரி’ என்ற பதிலை நான் ஒருபோதும் ஏற்றதில்லை.

அடுத்த தவறான வாதம் சொற்பிறப்பு. ஒரு சாதிப் பெயர் பறை என்ற இசைக்கருவியிலிருந்து வந்தது, ஆகவே அதில் இழிவில்லை என்பார்கள். அந்தப் பெயரைத்தான் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. இன்று லண்டன் பத்திரிகைகள் உலகம் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டை ‘பறையா ஸ்டேற்’ என்று கூசாமல் எழுதுகின்றன. அங்கே பறை கேட்கிறதா? கேட்பது தீண்டாமை மட்டுமே. பிறப்பு எதுவானாலும் சொல் இன்று சுமப்பதைத்தான் எடைபோட வேண்டும். நம் பிள்ளைகள் பள்ளிக் கட்டுரையில் ‘ஐசொலேற்றட்’ என்று எழுதட்டும், பொருள் குறையாது.

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களின் தமிழரை ஏளனமாகச் சொல்லும் ‘தோட்டக்காட்டான்’ என்பதும் இப்படியே. தோட்டம், காடு இரண்டும் நல்ல சொற்கள். ‘ஆன்’ விகுதியும் குற்றமற்றது, ‘ஊரான்’ என்கிறோமே. விகுதியைத் திருத்தித் ‘தோட்டக்காட்டார்’ என்றாலும் இழிவு போகாது, ஏனெனில் அது ஒட்டியிருப்பது விகுதியில் அல்ல. 1911 குடிசன மதிப்பீடு அவர்களை ‘இந்தியத் தமிழர்’ என்று தனியே பிரித்தது. 1948 பிரசாவுரிமைச் சட்டம் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஏளனம் அது. அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் மலையகத் தமிழர். ஒரு மக்கள் தமக்கு ஒரு பெயரைச் சொல்லியபின் வேறு பெயரைத் தேட நமக்கு என்ன வேலை?

புலம்பெயர்ந்த ஊர்களில் சிக்கல் வேறு மாதிரி. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல், ஆகவே பிள்ளை அம்மம்மாவை ‘நீ’ என்கிறது. திட்டினால் ‘நீங்கள் வா’ என்று பாதி திருத்தும். பெயரை மட்டும் மாற்றி வினையை விட்டுவிடுவதால் வரும் பிழை இது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் வினையிலிருந்தே தொடங்கலாம்: இரு, இரும், இருங்கோ, சாப்பிடு, சாப்பிடும், சாப்பிடுங்கோ, போகாதை, போகாதையும், போகாதேங்கோ. யாருக்கு எது என்பதை வீட்டு ஆட்களை வைத்தே பழக்க வேண்டும்.

படர்க்கையில் இன்னும் கவனம் தேவை. யாழ்ப்பாணத்தில் ‘ரீச்சர் வந்தவ, அவ சொன்னவ’ என்பது மரியாதை. ‘அவள்’தான் மரியாதைக் குறைவு. சென்னைப் பேச்சிலோ ‘அவ’ என்பதே ‘அவள்’, மரியாதைக்கு ‘அவங்க’. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தால் ஆசிரியர் முதல் வாரமே இதை இரு பக்கப் பெற்றோருக்கும் சொல்லிவிட வேண்டும்.