அரிட்டாபட்டியில் ஒரு காலை

விடிவதற்குள் மலையடிவாரத்தில் இருக்க வேண்டும் என்று மதுரையிலிருந்து நாலரை மணிக்கே பைக்கில் கிளம்பிவிட்டேன். 25 கிலோமீட்டர்தான். மேலூர்ச் சாலையை விட்டு விலகி ஊருக்குள் நுழைந்தபோது டீக்கடையில் அப்போதுதான் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ச்சுவரில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்க்கும் போஸ்டர் ஒன்று பாதி கிழிந்து பனியில் நனைந்து தொங்கியது. 2025 பிப்ரவரி அது. அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்வதாக ஜனவரி 23 அன்று மத்திய அரசு அறிவித்திருந்தது.

நான் போனது லகர் வல்லூறைப் பார்க்க. வறண்ட வெட்டவெளிகளில் வாழும் இந்தப் பறவை நாட்டில் பல இடங்களில் குறைந்துவிட்டது. அரிட்டாபட்டியில் ஷாஹீன் வல்லூறும் போனெல்லிக் கழுகும்கூட இருக்கின்றன. மதுரைக்கு இவ்வளவு பக்கத்தில் மூன்று வேட்டைப் பறவைகள் என்றால் சும்மா இல்லை. தேவாங்கு, அழுங்கு என்கிற செதில் போர்த்திய எறும்புத்தின்னி, மலைப்பாம்பு, ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் என்று பட்டியல் நீள்கிறது. இதையெல்லாம் வைத்துத்தான் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக இந்த இடத்தை அறிவித்தார்கள்.

கழிஞ்சமலையின் அடியில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் என் பைனாகுலரைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பறவை பார்க்க வந்தீகளா தம்பி?"

"ஆமாங்க ஐயா. வல்லூறு உட்காருற இடம் தெரியுமா?"

"அந்தா வெள்ளை வெள்ளையா வழிஞ்சிருக்கு பாருங்க பாறையில, அதுக்கு மேல பாருங்க."

செங்குத்தான பாறையில் சுண்ணாம்பு ஊற்றியதுபோல் எச்சக் கோடுகள் இறங்கியிருந்தன. அதன் உச்சியில் ஒரு விளிம்பு. கால்மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் வெயில் அந்த விளிம்பைத் தொட்டதும் அது திரும்பியது. செம்பழுப்புத் தலை, கண்ணுக்குக் கீழே மையால் இழுத்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு. லகர் வல்லூறேதான். பாறைக்கு நேர் கீழே புறாச் சிறகுகள் சிதறிக் கிடந்தன. ஒன்றின் அடித்தண்டில் காயாத ரத்தம்.

திடீரென்று அது எழுந்து, எங்கள் தலைக்கு மேலாக வயல்வெளிப் பக்கம் போனது. அந்தப் பறத்தலைப் பார்த்தபோதுதான் செய்தியில் படித்த ஒரு விஷயம் மனசில் உறைத்தது.

2023இல் சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்களுக்கான சுரங்க ஏலத்தை மத்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன்படி 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. தொகுதியின் பரப்பு 2015.51 ஹெக்டேர். பாரம்பரியத் தலமோ அதற்குள் 193 ஹெக்டேர், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எதிர்ப்பு கிளம்பி, டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானமும் போட்ட பிறகு, அந்த 193 ஹெக்டேரை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று மறு ஆய்வு செய்யச் சொன்னது மத்திய அரசு. நல்ல சமரசம்போலத் தோன்றும். ஆனால் வல்லூறு கூடு வைப்பது பாறையில், இரை தேடுவது வெளியே வயலிலும் பொட்டலிலும். அதற்கு ரெண்டும் வேண்டும். பாறையை மட்டும் விட்டுவைத்தால் அது எதைத் தின்னும்?

தண்ணீரும் அப்படித்தான். பெரியவர் என்னை ஒரு சுனைக்குக் கூட்டிப்போனார். பாறை மடிப்புக்குள் கையகலத்துக்குக் கசிந்து, கீழே இடுப்பளவு குழியில் நின்றது. அடியில் கிடந்த அரசிலையின் நரம்புகூடத் தெரிந்தது. தலைப்பிரட்டைகள் என் நிழல் பட்டதும் ஒரே பக்கமாக ஓடின. ஓரத்து ஈரமண்ணில் சின்னச் சின்னதாய் விரல் தடங்கள். கீரி என்றார் அவர். இந்த ஏழு குன்றுகளில் இப்படி 200 சுனைகள், அவற்றை நம்பி 72 ஏரி குளங்கள். பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாயும் அதில் ஒன்று.

"மலையில விழுற தண்ணிதான் தம்பி கீழ எங்க வயல்ல நிக்கிது. மலைக்கு நாங்க கோடாலி கொண்டு போறதில்ல."

அழுங்கைப் பற்றிக் கேட்டேன். பார்த்து வெகுகாலம் ஆகிறதாம். ராத்திரியில்தான் வரும், கரையான் புற்று தோண்டிக் கிடந்தால் வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம் என்றார். சுரங்கத்தை எதிர்த்து ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போனார்களே, அதில் அவரும் போயிருக்கிறார். "ஆட்டைப் பக்கத்து வீட்டுல கட்டிட்டுப் போனேன்" என்றார், அவ்வளவுதான். மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக வெட்டிப்போட்ட குழிகளைத் தினமும் பார்க்கிறவருக்கு வேறென்ன விளக்கம் வேண்டியிருக்கும்?

இறங்கும் வழியில் மகாவீரர் சிற்பத்தின் முன் நின்றோம். கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு. அதில் இம்மலைக்குப் பெயர் திருப்பிணையன்மலை. அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி என்று சொல்லிவிட்டு, பாதிரிக்குடியார் ரட்சை என்று முடிகிறது. அதாவது, இதைக் காப்பது உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள். நான் வாசித்துக் காட்டியதும் பெரியவர் "ரட்சை"யை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஒன்பது மணிக்கு வண்டியை எடுக்கும்போது வல்லூறு வயல் பக்கமிருந்து திரும்பி வந்தது. காலில் ஓணான் போல எதுவோ தொங்கியது. நேரே அந்த வெள்ளைக் கோடுகளுக்கு மேலே போய் உட்கார்ந்தது.