அந்த டி1 யார் போட்டது?

சேஜ் என்ற கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வரிக் குறியீடு போட வேண்டும். டி2 போட வேண்டிய இடத்தில் டி1 விழுந்திருந்தது. விஷயம் அவ்வளவுதான். பிரிட்டன் வாட் (மதிப்புக் கூட்டு வரி) கணக்கில் கை வைத்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள், இதற்கா இத்தனை நாள் மண்டையைப் போட்டு உடைக்கிறாய் என்று. சார் "இது யாரும்மா போட்டது?" என்று கேட்டதற்கும் அக்கா பதில் சொன்னதற்கும் நடுவில் நாலைந்து நொடி இருந்தது. நான் இன்னும் அந்த நொடிகளில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஓசூர் ஆபீஸில் சேர்ந்து முதல் மூன்று வாரம் எனக்கு லாகின் வரவில்லை. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த சீனியர் அக்காவின் லாகினில்தான் வேலை. அவர் ஒரு கட்டு பில் போடுவார், டீக்கு எழுந்து போவார், அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த கட்டை நான் போடுவேன். இங்கிலாந்தில் ஒரு சின்னப் பூக்கடையின் கணக்கு. பூவுக்கு அங்கே 20 சதவீதம், டி1. "ரோஜா நம்ம ஓசூர்லருந்தே போயிருந்தாலும் டி1தான் பாப்பா" என்பார். விற்பனைப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். செலவுப் பக்கம்தான் வழுக்கும்.

சேஜில் எனக்குப் புரியாமல் கிடந்தது மூன்று பூஜ்யம். டி0, டி2, டி9. எதைப் போட்டாலும் வாட் கட்டத்தில் 0.00 என்றுதான் வரும். எல்லாம் சைபர்தானே, எதைப் போட்டால் என்ன என்று கேட்டேன். அக்கா சொன்ன விளக்கத்தை இன்றைக்கு வரைக்கும் யாரும் மிஞ்சவில்லை. "கல்யாணத்துக்கு வந்து வெறும் கவர் குடுக்கிறான் பாரு, அது டி0. மொய் நோட்டுல பேரு ஏறும், தொகை பூஜ்யம். கடைக்குப் பால் வாங்கினா அது. மொய் வாங்கறதில்லைன்னு பத்திரிகையிலேயே போட்டுட்டாங்கன்னா டி2. பேங்க் சார்ஜ், இன்சூரன்ஸ் எல்லாம் அது. பத்திரிகையே வைக்காத ஆளு டி9. சம்பளம், கவுன்சிலுக்குக் கட்டற ரேட்ஸ், வேனுக்கு ரோட் டாக்ஸ்." முதல் இரண்டும் வாட் ரிட்டர்னில் மொத்தக் கொள்முதலைக் காட்டும் 7-ஆம் கட்டத்துக்குள் போகும். டி9 ரிட்டர்ன் பக்கமே எட்டிப் பார்க்காது.

ஆறேழு மாதம் கழித்து, பழைய என்ட்ரிகளைச் செக் பண்ணச் சொல்லி சார் எனக்கு வேலை கொடுத்தார். சார்தான் சொன்னார், நானாகப் போய் நோண்டவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

பன்னிரண்டு தப்பு கிடைத்தது. எக்செல்லில் போட்டு, மஞ்சள் கலர் அடித்து, நேராக சாருக்கு மெயில் அனுப்பினேன். பக்கத்து நாற்காலியில்தான் அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது அது தோன்றவில்லை என்று சொல்லலாம். பாதி உண்மை. பட்டியல் நீளமாக வந்ததில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதுதான் மீதிப் பாதி.

பதினொன்று ஒரே மாதிரி: பேங்க் சார்ஜுக்கு டி2-க்குப் பதில் டி9. ஒரு பைசா வரி மாறாது, 7-ஆம் கட்டத்தில் கொஞ்சம் குறையும். பன்னிரண்டாவதுதான் வேன் இன்சூரன்ஸ். பில்லில் பிரீமியம் 600 பவுண்டு, அதன் கீழே ஐ.பி.டி. 12 சதவீதம் 72, மொத்தம் 672. ஐ.பி.டி. என்பது இன்சூரன்ஸ் பிரீமியம் டாக்ஸ். அதற்கும் வாட்டுக்கும் சம்பந்தமில்லை, திரும்பக் கேட்க முடியாது. பில்லில் 'டாக்ஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு கை டி1 அடித்து, மொத்தத்திலிருந்து வாட்டைப் பிரிக்கும் எஃப்9-ஐத் தட்டியிருக்கிறது. சேஜ் தன் வேலையைப் பார்த்தது. 672-ஐ ஆறால் வகுத்து, திரும்பக் கேட்கிற வாட் 112 என்று பிரித்துப் போட்டுவிட்டது. பில்லில் 72, திரையில் 112. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் இடித்திருக்கும். அந்தக் கை நிமிர்ந்து பார்க்கவில்லை.

யார் கை?

எந்த என்ட்ரி எந்த லாகினில் விழுந்தது என்று காட்டும் ஆடிட் டிரெயிலில் அக்கா பெயர். தேதி, நான் சேர்ந்த இரண்டாவது வாரம்.

பட்டியல் போடும்போது அந்தத் தேதியைப் பார்த்தேனா? எக்செல்லில் அதற்குத் தனிக் காலம் இருக்கிறது, நான்தான் டைப் அடித்தேன். கண் பார்த்தது, புத்தியில் ஏறவில்லை என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

சார் கேபினில் கூப்பிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் கேட்டார். அப்போதுதான் எனக்குத் தேதி உறைத்தது. வாயைத் திறக்க அந்த நாலைந்து நொடி போதும். அக்கா என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு "நான்தான் சார்" என்றார். சார் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

பணத்தளவில் இது ஒன்றுமே இல்லை. 10,000 பவுண்டுக்குள் உள்ள தப்பை அடுத்த ரிட்டர்னிலேயே சரிசெய்துகொள்ளலாம். செய்தோம். ஆனால் பூக்கடைக் கணக்கு என் கைக்கு வந்தது, செக் பண்ணும் வேலையும் எனக்கே நிலைத்தது. நான் கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த வருஷ இன்சூரன்ஸும் டி1-இல்தான் போயிருக்கும், போன வருஷம் போட்டதைப் பார்த்துத்தானே எல்லோரும் போடுகிறோம். அதனால் நான் செய்தது சரி. இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு இரண்டு முறை அழித்தேன், மறுபடி எழுதியிருக்கிறேன்.

மூன்று நாள் கழித்து, டீக்கடையில் வைத்துச் சொன்னேன்.

"அக்கா, அந்த இன்சூரன்ஸ்... நான் போட்டதா இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார். டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார். "விடு பாப்பா. லாகின் என்னுது."

பஸ்ஸில் ராயக்கோட்டை தாண்டி பாலக்கோடு வரும்வரை இதையே புரட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், எத்தனை நாள் என்று கணக்கில்லை. லாகின் கொடுத்தவள் நான், பொறுப்பும் என்னுடையது என்றாரா? நம்பிக் கொடுத்தேன், நீ இப்படிச் செய்தாயே என்றாரா? வெறுமனே தொழில் விதியைச் சொன்னாரா? உண்மையில் அவரே போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. இன்சூரன்ஸுக்கு டி2 என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர், அவரா தப்பாகப் போடுவார் என்று ஒரு பக்கம். டீ நேர அவசரத்தில் எந்தக் கையும் வழுக்கும் என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவது வசதியாக இருக்கிறது. வசதியாக இருப்பதாலேயே அதை நம்ப முடியவில்லை.

அக்கா இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு ஆடிட்டரிடம் ஜி.எஸ்.டி. பார்க்கிறார். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினேன், பதிலுக்கு ஒரு கரும்புப் படம் வந்தது.

போன வாரம் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி டிரெயினியாகச் சேர்ந்திருக்கிறான். லாகின் இன்னும் வரவில்லை. வரட்டும், அதுவரை பார்த்துக் கற்றுக்கொள் என்று நாலு நாள் சும்மா உட்கார வைத்தேன். பையன் ஏன் சும்மா இருக்கிறான் என்று சார் கேட்டார். நேற்று என் பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்தேன். போடும் ஒவ்வொரு என்ட்ரியிலும் உன் இனிஷியலைச் சேர் என்றேன். டீக்குக்கூடப் போகாமல் பக்கத்திலேயே இருந்தேன். நாலு மணிக்கு யு.கே.யிலிருந்து கால் வந்தது. எழுந்து போனேன்.